உளுந்திலேயே இருக்கிறது: ஓர் அப்பா உருவாகும் விதம்

இட்லி மாவுக்கு யாரும் ஈஸ்ட் வாங்குவதில்லை. அரிசி, உளுந்து, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். ராத்திரி அரைத்து மூடி வைத்த மாவு விடியற்காலையில் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும். மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிரிகளில் முக்கியமானது லூக்கோனாஸ்டாக். அதை யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து போடவில்லை. உளுந்தோடு கூடவே வந்தது. டப்பாவில் காய்ந்து கிடந்த உளுந்தில் மாதக்கணக்காகச் சும்மா இருந்தது. ஊறவைத்து, அரைத்து, வெதுவெதுப்பான இடத்தில் எட்டுப் பத்து மணி நேரம் விட்டதும் வேலையைத் தொடங்கிவிட்டது.

முதல் குழந்தை பிறந்த வீட்டில் ஆண்கள் சொல்லும் ஒரு வாக்கியம் எல்லோரும் கேட்டதுதான். "எனக்கு இந்தக் கைக்குழந்தை வேலையெல்லாம் வராதுங்க. அம்மாவுக்கு அது தானா வரும். கொஞ்சம் வளரட்டும், பேச ஆரம்பிக்கட்டும், அப்புறம் என்கிட்ட விடுங்க, நான் பாத்துக்கறேன்." சொல்பவர் கெட்டவர் இல்லை. பெரும்பாலும் பயந்திருப்பவர். பஞ்சு மாதிரி இருக்கும் கழுத்தைப் பார்த்து, எங்கே பிடிப்பது என்று தெரியாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பவர். ஆனால் அவர் சொல்வது தவறு. அப்பாவாக இருப்பதற்கு வேண்டிய பொருள் அவருக்குள் ஏற்கெனவே இருக்கிறது. அது இயங்கத் தொடங்க என்ன வேண்டும் என்பதைத்தான், மாவு புளிக்கும் வரிசையிலேயே, இங்கே பார்க்கப்போகிறோம்.

உள்ளே என்ன இருக்கிறது?

பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு நகரில் 624 இளைஞர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2011-இல் வெளியானது. 2005-இல் அவர்களுடைய டெஸ்டோஸ்டிரோன் அளவைக் குறித்துக்கொண்டார்கள். 2009-இல் மறுபடி அளந்தார்கள். இடையில் கல்யாணமாகிக் குழந்தை பெற்றவர்களுக்கு அந்த அளவு கணிசமாக இறங்கியிருந்தது. அப்பாக்களுக்குள்ளேயும் ஒரு வித்தியாசம் தெரிந்தது. ஒரு நாளில் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு, குழந்தை வேலையில் கையே வைக்காதவர்களைவிட அளவு குறைவாக இருந்தது. இதைப் படித்துவிட்டு ஆண்மை குறைகிறதோ என்று யாரும் கலங்க வேண்டியதில்லை. போட்டிக்கும் துணை தேடுவதற்கும் முடுக்கிவிடும் ஹார்மோன் கொஞ்சம் பின்வாங்கி, பொறுமைக்கும் பராமரிப்புக்கும் இடம் விடுகிறது என்பதே ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

இஸ்ரேலைச் சேர்ந்த ரூத் ஃபெல்ட்மன் என்ற ஆய்வாளர் குழுவினரோடு சேர்ந்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. குழந்தையைப் பிரதானமாக வளர்க்கும் அம்மாக்கள், அம்மாவுக்குத் துணையாக இருக்கும் அப்பாக்கள், அம்மா இல்லாமல் தாங்களே முழுப் பொறுப்பாக வளர்க்கும் அப்பாக்கள் என்று மூன்று வகையினரின் மூளையை, அவர்கள் தம் குழந்தையின் வீடியோவைப் பார்க்கும் நேரத்தில் ஸ்கேன் செய்தார்கள். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று விழித்திருக்கும் பகுதி அம்மாக்களிடம் தீவிரமாக இயங்கியது. முழுப் பொறுப்பேற்ற அப்பாக்களிடமும் ஏறக்குறைய அதே தீவிரம். பத்து மாதம் சுமக்காத, பால் கொடுக்காத ஆண்கள் அவர்கள். அப்பாக்களின் மூளையில் இது சம்பந்தப்பட்ட இணைப்பு எவ்வளவு பலமாக இருக்கிறது என்பது, அவர்கள் குழந்தையோடு நேரடியாகச் செலவிட்ட நேரத்தோடு சேர்ந்தே ஏறியது.

ஆகக் கணக்கில் வருவது நேரமும் கை படுவதும். பிரசவம் அம்மாவுக்கு ஒரு பெரிய முன்தொடக்கத்தைத் தருகிறது; அதை மறுப்பதற்கில்லை. அப்பாவுக்கு அந்த முன்தொடக்கம் கிடையாது, ஆனால் பாதை அடைக்கப்படவும் இல்லை.

ஊறும் காலம்

ஊறாத உளுந்தைக் கிரைண்டரில் போட்டால் என்ன ஆகும் என்று சமைப்பவர்களுக்குத் தெரியும். கர்ப்ப காலம் அப்பாவுக்கு ஊறும் காலம். ஆறாவது மாதத்தை ஒட்டி வயிற்றில் இருக்கும் குழந்தைக்குச் சத்தம் கேட்கத் தொடங்குகிறது. தினமும் அருகில் உட்கார்ந்து பேசும் அப்பாவின் குரல் அதன் காதில் விழும். ஸ்கேனுக்கும் செக்கப்புக்கும் கூடப் போங்கள். வாசலில் வண்டியில் காத்திருக்காமல் உள்ளே போய் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். குழந்தை பிறந்த பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று வீட்டில் குழப்பம் வரும்போது, நேரில் கேட்டவர் இருவர் இருப்பது பெரிய பலம்.

தாய் வீடு என்னும் இடைவெளி

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய் வீட்டுக்குப் போகிறாள். பிரசவம் அங்கே. மூன்று மாதம், ஐந்து மாதம் கழித்துத்தான் குழந்தையோடு திரும்புகிறாள். பெண்ணுக்கு ஓய்வும் அம்மாவின் கவனிப்பும் கிடைக்கிறது. இந்த வழக்கத்தின் நன்மை பெரிது. ஆனால் குழந்தை உலகத்தைப் பழகிக்கொள்ளும் முதல் மூன்று மாதத்தில் அப்பா சனிக்கிழமை இரவு பஸ் பிடித்து வந்து ஞாயிறு இரவு கிளம்பும் விருந்தாளி ஆகிவிடுகிறார். மாப்பிள்ளைக்கு விருந்து நடக்கிறது. குழந்தையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு மடியில் கொடுக்கிறார்கள். போட்டோ எடுக்கிறார்கள். அழுதால் உடனே வாங்கிக்கொள்கிறார்கள். அரிசி ஒரு பாத்திரத்திலும் உளுந்து இன்னொரு பாத்திரத்திலும் தனித்தனியாக இருப்பது போன்ற நிலை இது. இரண்டும் நல்ல பொருள்தான், கலக்கவில்லை.

வழக்கத்தை உடைக்கச் சொல்லவில்லை. அங்கே இருக்கும் நேரத்தைச் செலவிடும் விதத்தை மாற்றிக்கொள்ளலாம். போனதும் கை கழுவிவிட்டு, அன்று முழுக்க ஒரே ஒரு வேலையை முழுதாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பால் கொடுப்பது அம்மாவின் வேலை. அது முடிந்த நிமிடத்திலிருந்து அப்பாவுடையது. அதில் முதலாவது ஏப்பம் விட வைப்பது.

அதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பயந்த கை பழகுவதற்கு இதைவிட நல்ல வேலை இல்லை. தோளில் ஒரு சுத்தமான காட்டன் துணியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கை குழந்தையின் பிட்டத்துக்கு அடியில். மறு கையின் விரல்கள் விரிந்து பிடரியையும் முதுகையும் தாங்கட்டும். குழந்தையின் முகவாய் உங்கள் தோளுக்கு மேலே வரும்படி தூக்குங்கள், மூக்கு துணியில் அழுந்தக் கூடாது. பிடி சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, மேல் கையை மெல்ல இறக்கி இடுப்பிலிருந்து மேல்நோக்கித் தடவுங்கள், நடுநடுவே லேசாகத் தட்டுங்கள். இரண்டு நிமிடத்திலும் வரும், கால் மணி நேரமும் ஆகும். ஏப்பத்தோடு கொஞ்சம் பாலும் கக்கும், துணி அதற்குத்தான். அந்தக் கால் மணி நேரத்தில் குழந்தையின் வயிறு உங்கள் நெஞ்சில் ஏறி இறங்குவது தெரியும். அதற்கு உங்கள் மூச்சும் வாசனையும் பழகும். எந்த அறிவுரையும் செய்யாததை இந்தக் கால் மணி நேரம் செய்யும்.

முதல் முறை மாமியார் பதறுவார். "மாப்பிள்ளை, நீங்க விடுங்க, கழுத்து நிக்காத குழந்தை, நாங்க பாத்துக்கறோம்." அவர் உங்களை விலக்கவில்லை, காப்பாற்றுகிறார். அந்த இடத்தில் பெரும்பாலான ஆண்கள் பின்வாங்கிவிடுகிறார்கள். பின்வாங்காமல், "அத்தை, பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுங்க, நான் கத்துக்கறேன்" என்று கேளுங்கள். நாலு பிள்ளை வளர்த்த கை சொல்லிக்கொடுப்பதைவிட நல்ல பயிற்சி எங்கேயும் கிடைக்காது. மனைவிமார்களுக்கும் ஒன்று: கணவர் துணி கட்டியது கோணலாக இருக்கலாம். குழந்தைக்கு வலிக்கவில்லை என்றால் அதை அவிழ்த்து மறுபடி கட்டாதீர்கள்.

வெதுவெதுப்பு

குளிர்ந்த இடத்தில் மாவு அப்படியே கிடக்கும். ஊட்டியில் மார்கழி மாதம் இட்லிக்கு அரைப்பவர்கள் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வைப்பார்கள். அப்பாவுக்கும் குழந்தைக்கும் நடுவிலும் அப்படி ஒரு சூடு வேண்டும்.

குறைமாதத்திலும் எடை குறைவாகவும் பிறந்த குழந்தைகளை நெஞ்சோடு ஒட்டிவைத்துக் காக்கும் கங்காரு முறை 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கியது. அங்கே எட்கர் ரே சனாப்ரியா என்ற குழந்தை மருத்துவரின் ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் போதவில்லை. அம்மாவின் உடல் சூட்டையே பயன்படுத்தினார். இன்று உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைக்கிறது. நம் அரசு ஆஸ்பத்திரிகளிலும் நடக்கிறது. அப்பாவின் நெஞ்சும் இதற்குப் பொருந்தும். நிறைமாதக் குழந்தைக்கும் இது இதம்தான். சட்டையைக் கழற்றிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்து, நாப்பி மட்டும் கட்டிய குழந்தையை நெஞ்சில் படுக்க வைத்து, முதுகின் மேல் ஒரு துணியைப் போர்த்துங்கள். தலை ஒரு பக்கமாகத் திரும்பி, மூக்கும் வாயும் திறந்து தெரியும்படி இருக்க வேண்டும். உங்களுக்குத் தூக்கம் வந்தால் உடனே குழந்தையை எழுப்பாமல் மாற்றிப் படுக்க வைத்துவிடுங்கள், மல்லாக்க, சமமான இடத்தில். நெஞ்சில் வைத்துக்கொண்டே சோபாவில் தூங்கிப்போவது ஆபத்து.

வெதுவெதுப்பில் முகத்துக்கும் பங்கு உண்டு. புதிதாகப் பிறந்த குழந்தைக்குச் சுமார் 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் வைத்துக் குனிந்தால் உங்கள் முகம் இருக்கும் தூரம் அது. எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் செய்த சோதனை பிரபலமானது. குழந்தையோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்த அம்மாவை, சில நிமிடம் எந்த உணர்ச்சியும் காட்டாமல் முகத்தை அப்படியே வைத்திருக்கச் சொன்னார். குழந்தை சிரித்துப் பார்த்தது, கையை நீட்டியது, குரல் கொடுத்தது. எதற்கும் பதில் இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. அம்மா அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். மடியில் பிள்ளையும் கையில் செல்போனுமாக உட்கார்ந்திருக்கும் அப்பாவின் முகமும் குழந்தைக்கு அப்படித்தான் தெரியும் என்று நினைக்கிறேன். போனை இன்னொரு அறையில் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். குழந்தை "ங்கா" என்றால் நீங்களும் "ங்கா" என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். அது மறுபடி பதில் சொல்லும்.

துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் அப்பாக்களுக்கு இந்தச் சூடு நேரடியாகக் கிடைக்காது. ஒன்றரை வயதுக்குள் திரை வேண்டாம் என்று சொல்லும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே, வீடியோ கால் பேசுவதற்கு மட்டும் விலக்கு தருகிறது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே பாட்டோ ஒரே விளையாட்டோ வைத்துப் பேசுங்கள்.

சூடு அதிகமானால்

வெதுவெதுப்பு வேண்டும் என்று பாத்திரத்தை அடுப்பின் மேல் வைத்தால் மாவு வெந்துபோகும். குழந்தையின் அழுகை பிறந்த சில வாரங்களில் ஏறிக்கொண்டே போய், ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்தைத் தொடும். பசி இல்லை, ஈரம் இல்லை, காய்ச்சல் இல்லை, ஆனாலும் சாயங்காலம் ஆனால் வீரிட்டு அழும். யாருடைய வளர்ப்பிலும் குறை இல்லை. மூன்று நான்கு மாதத்தில் தானாகத் தணியும். ஆனால் தூக்கம் இல்லாத ஒரு மனிதனின் காதருகே அந்த அழுகை கேட்கும்போது கோபம் வருவது உண்டு. வந்தால் குழந்தையைப் பத்திரமான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, வீட்டில் இன்னொருவரைக் கூப்பிடுங்கள். யாரும் இல்லையென்றால் சில நிமிடம் அறைக்கு வெளியே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வாருங்கள். எக்காரணம் கொண்டும் குழந்தையைப் பிடித்து உலுக்கக் கூடாது. சில நொடி உலுக்கினாலே மூளைக்குள் ரத்தம் கசியும். பார்வை போகும், உயிரே போகும்.

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு அம்மாக்களுக்கு வரும் என்பது இப்போது ஓரளவு தெரிந்த விஷயம். அப்பாக்களுக்கும் வரும். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010-இல் வெளியான ஒரு தொகுப்பு, ஏறக்குறைய பத்தில் ஓர் அப்பாவுக்கு இது இருப்பதாகச் சொன்னது. ஆண்களிடம் இது அழுகையாக வெளிப்படாமல் எரிச்சலாகவும், வீட்டுக்கு நேரம் கழித்து வருவதாகவும், குடியாகவும் வெளிப்படுவது அதிகம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

கலக்குவது, தினமும்

முழுதாக ஒரு வேலை என்று மேலே சொன்னதை விளக்க வேண்டும். மனைவி சொல்லச் சொல்லச் செய்வதில், நினைவு வைத்துக்கொள்ளும் பாரம் அவளிடமே இருக்கிறது. அந்தப் பாரத்தோடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். உதாரணத்துக்குத் தடுப்பூசி. பிறந்தவுடன் பிசிஜி, போலியோ சொட்டு, ஹெபடைட்டிஸ் பி. பிறகு ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரம். ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை ரூபெல்லா. அட்டை உங்கள் பையில் இருக்கட்டும். தேதியைப் பார்ப்பது, லீவு சொல்வது, கூட்டிப்போவது, அன்று ராத்திரி காய்ச்சலோடு அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பது, எல்லாம் உங்களுடையது.

ஈரத் துணிக் கணக்கு இன்னொன்று. தாய்ப்பால் போதுகிறதா என்று வீட்டில் எல்லோரும் சந்தேகப்படுவார்கள். புட்டிப்பால் வாங்கி வரச் சொல்வார்கள். ஐந்தாறு நாள் ஆன குழந்தை ஒரு நாளில் ஆறு தடவையாவது சிறுநீர் போய், எடையும் ஏறிக்கொண்டிருந்தால் பால் போதுகிறது. துணி மாற்றுபவர் நீங்களாக இருந்தால் அந்தக் கணக்கு உங்களிடம் இருக்கும். மனைவி பக்கம் நின்று பேச முடியும். பெண் குழந்தைக்குத் துடைக்கும்போது முன்னாலிருந்து பின்னால், எப்போதும்.

காவல் வேலையும் உண்டு. பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தடவும் சேனை வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அன்பினால் செய்வதுதான். ஆனால் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், சீம்பாலில் தொடங்கி; தண்ணீர்கூட வேண்டாம். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரி கைக்குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கும். இதைப் பெரியவர்களிடம் பிரசவித்த பெண் தனியாகச் சொல்லிப் போராட வேண்டியதில்லை. மாப்பிள்ளை முன்கூட்டியே மரியாதையாகச் சொன்னால் பேச்சு அத்தோடு முடியும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் கை வைத்தியம் எதுவும் செய்யாமல் உடனே ஆஸ்பத்திரி, நடு ராத்திரியானாலும்.

புளிக்க ஆகும் நேரம்

ஐந்தாம் மாதம் குழந்தை வீட்டுக்கு வருகிறது. அப்பா ஆசையோடு தூக்குகிறார், அது வீரிடுகிறது. எட்டு ஒன்பது மாதத்தில் புது முகம் பார்த்தாலே அழும் பருவம் வேறு வரும். அதற்குள் அப்பா தினசரி முகமாக ஆகியிருக்காவிட்டால் அந்த அழுகையில் அவரும் சேர்ந்துவிடுவார். "என்கிட்ட வரமாட்டேங்குது" என்று அவர் ஒதுங்கினால் கதை அங்கேயே நின்றுவிடும். குளிர் காலத்தில் காலை ஆறு மணிக்கு மாவு பொங்கவில்லை என்று யாரும் கொட்டிவிடுவதில்லை. இன்னும் நாலு மணி நேரம் மூடி வைக்கிறார்கள். முதல் வாரம் தூக்கவே வேண்டாம். அம்மாவின் மடியில் இருக்கும்போது பக்கத்தில் தரையில் உட்கார்ந்து விளையாட்டுக் காட்டுங்கள். பிறகு அம்மா இருக்கும்போதே குளிப்பாட்டுங்கள். பிறகு மாலை வேளையில் தெருவில் நாயையும் காக்கையையும் காட்டும் நடை தினமும் உங்களோடு. சில வாரத்தில் வண்டிச் சத்தம் கேட்டாலே வாசலுக்குத் தாவும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. மத்திய அரசு ஊழியர்களுக்கு, இரண்டுக்குக் குறைவாகக் குழந்தை உள்ளவர் என்றால், 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. பிரசவத்துக்கு 15 நாள் முன்பிருந்து, பிறந்த ஆறு மாதத்துக்குள் எடுக்கலாம். பிரசவ வாரத்தில் வீடு நிறைய ஆள் இருப்பார்கள். மனைவியும் குழந்தையும் வீடு திரும்பும் நாட்களுக்கு அந்த விடுப்பை வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து, திரும்புவது ஆறு மாதத்துக்குள் இருந்தால். தனியார் துறையில் பெண்களுக்கு 2017 முதல் 26 வாரம் சட்டப்படி கிடைக்கிறது; ஆண்களுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. ஸ்வீடனில் பெற்றோர் விடுப்பை அப்பாவும் எடுக்கலாம் என்று 1974-லேயே சட்டம் வந்துவிட்டது.

சட்டம் வரும் வரை காத்திருக்காமல் செய்யக்கூடியவர்கள் இதைப் படிப்பவர்களில் நிச்சயம் இருப்பார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துபவர், மதுரையில் துணிக்கடை வைத்திருப்பவர், சென்னையில் பத்துப் பேரை வைத்து மென்பொருள் எழுதுபவர். உங்களிடம் வேலை செய்யும் பையனுக்குக் குழந்தை பிறந்தால், ஸ்வீட் பாக்ஸை வாங்கிக்கொண்டு வாழ்த்துவதோடு விடாதீர்கள். சம்பளத்தோடு பத்து நாள் விடுப்பு கொடுங்கள், அவன் கேட்பதற்கு முன்பே.